"லோ கிளாஸ்" என்று எழுதும் பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுப்பது? (சமூக நிலை பற்றிய ஆங்கிலச் சொற்சேர்க்கைகள்)

பண்டாரவளை டீச்சர் | ஞாயிறு, இரவு 8.52

எல்லோருக்கும் வணக்கம். பண்டாரவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப்புறப் பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு ஜெனரல் இங்கிலீஷ் படிப்பிக்கிறேன். போன கிழமை "நான் மதிக்கும் ஒருவர்" என்று கட்டுரை கொடுத்தேன், 31 கொப்பிகள் வந்தன. பாதிக்கு மேல் அப்பாவைப் பற்றியோ அம்மாவைப் பற்றியோதான் எழுதியிருந்தார்கள், அதைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. ஆனால் ஒரு பிள்ளை எழுதிய ஒரு வரி மூன்று நாளாக மனதை விட்டுப் போகவில்லை. "மை ஃபாதர் இஸ் அ லோ கிளாஸ் மேன் பட் ஹி இஸ் குட்." இலக்கணப் பிழை என்று ஒன்றும் இல்லை. சிவப்புப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு எதை வெட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொரு மகன் தன் மாமாவைப் பாராட்டி "ஹி இஸ் அ கிரேட் சோஷல் கிளைம்பர்" என்று எழுதியிருந்தான். மாமா கொழுந்து மலையில் வேலை தொடங்கி இப்போது கண்டக்டராக, அதாவது மலையில் வேலையை மேற்பார்வை செய்கிறவராக, இருக்கிறாராம், அதைத்தான் சொல்ல வந்திருக்கிறான். வேறொரு பிள்ளை "வீ ஹேவ் ஸ்மால் ஸ்டேட்டஸ்" என்று எழுதியிருந்தது.

இந்தச் சொற்கள் எல்லாம் போன தவணையில் நான் போட்டோகொப்பி எடுத்துக் கொடுத்த பட்டியலில் இருந்தவை. "அப்பர் கிளாஸ், மிடில் கிளாஸ், லோவர் கிளாஸ், சோஷல் கிளைம்பர், ஸ்டேட்டஸ் சிம்பல்" என்று வரிசையாக, பக்கத்தில் தமிழ்க் கருத்தோடு. எந்தச் சொல்லை யார் யாரைப் பற்றிச் சொல்வார்கள் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அந்தத் தாளைத் திருத்தி எழுத வேண்டும். உதவி செய்யுங்கள்.


கொட்டகலை வாத்தியார் | ஞாயிறு, இரவு 10.15

டீச்சர், நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். நான் 33 வருடம் படிப்பித்து ஓய்வு பெற்றவன், இதே வரியைப் பல கொப்பிகளில் பார்த்திருக்கிறேன், அந்த நாளில் "பட்"டுக்கு முன்னால் ஒரு கமா போட்டுவிட்டு நகர்ந்துமிருக்கிறேன். இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

முதலில் இதைச் சொல்லிக் கொடுங்கள். "லோவர் கிளாஸ்" என்பது சமூகத்தை ஆய்வு செய்கிறவர் அட்டவணையில் போடுகிற பிரிவு. "லோ கிளாஸ்" என்று ஒரு மனிதனுக்கு முன்னால் வைத்தால் அது பிரிவு இல்லை, வசை. தரம் கெட்டவன், நாகரிகம் இல்லாதவன் என்று அர்த்தம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது "வர்" என்ற ஓர் அசைதான். ஆங்கிலேயர்கள் அந்த அசையைக் காதால் கேட்டுப் பழகியவர்கள், நம் பிள்ளைகள் பட்டியலில் கண்ணால் பார்த்தவர்கள்.

அப்புறம் எந்தப் பெயர்ச்சொல்லுக்கு எந்த அடைமொழி சேரும் என்பதைக் காட்டுங்கள். "ஸ்டேட்டஸ்" என்றால் "ஹை", "லோ" இரண்டும்தான் இயல்பாகச் சேரும். "பெரிய அந்தஸ்து" என்று தமிழில் யோசிப்பதால் "பிக் ஸ்டேட்டஸ்", "ஸ்மால் ஸ்டேட்டஸ்" என்று வருகிறது. வினையும் அதற்கென்று இருக்கிறது: "கெய்ன்", "அச்சீவ்", "லூஸ்", "என்ஜோய்". "என்ஜோய்ஸ் ஹை ஸ்டேட்டஸ்" என்றால் உயர்ந்த அந்தஸ்து உடையவர், அவ்வளவுதான், சிரித்துக் கொண்டாடுகிறார் என்று அர்த்தம் இல்லை. "ஃபேமிலி" என்றால் "லோ இன்கம்", "வர்க்கிங் கிளாஸ்", "வெல் ஆஃப்" எல்லாம் வரும். "பேக்ரவுண்ட்" என்றால் "மொடெஸ்ட்", "ஹம்பிள்", "பிரிவிலிஜ்ட்", "டிஸ்அட்வான்டேஜ்ட்". அதற்கு முன்னால் "கம் ஃப்ரம்". "ஐ கம் ஃப்ரம் அ வர்க்கிங் கிளாஸ் ஃபேமிலி" என்று ஒரு பிள்ளை எழுதினால் அதில் வெட்ட ஒன்றும் இல்லை.

"வர்க்கிங் கிளாஸ்" நம் பிள்ளைகளுக்குப் புதிய கருத்தும் இல்லை. ஒவ்வொரு மே முதலாம் திகதியும் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பதாகையில் தமிழில் வாசிக்கிற தொழிலாளர் வர்க்கம்தான் அது. மேடையில் அதைச் சொல்லும்போது யாரும் குரலைத் தாழ்த்துவதில்லையே.

சோஷல் கிளைம்பர் விஷயம் நாளைக்கு எழுதுகிறேன், கண் வலிக்கிறது.


மஸ்கெலியா சின்னவள் | திங்கள், காலை 6.20

டீச்சர், சேர், இதை வாசித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இப்போது கெம்பஸ் மூன்றாம் வருடம். அம்மா இன்றைக்கும் கொழுந்து எடுக்கிறார்.

போன வருடம் ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்குப் பயிற்சி வேலைக்கு விண்ணப்பித்தேன், ஒன்லைனில் நேர்முகம். "டெல் அஸ் அபவுட் யுவர் பேக்ரவுண்ட்" என்றார்கள். எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்ததுதான், "ஐ ஆம் ஃப்ரம் அன் எஸ்டேட் இன் மஸ்கெலியா" என்று சொன்னேன். அந்தப் பக்கத்தில் இருந்த பெண் முகம் மலர்ந்து, எத்தனை ஏக்கர், உங்கள் குடும்பத்துக்கு எத்தனை காலமாகச் சொந்தம் என்று கேட்டார். கேலியே இல்லை, உண்மையாகவே கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இல்லை, சொந்தம் இல்லை, நாங்கள் அங்கே வேலை செய்கிறவர்கள் என்று சொல்ல வேண்டிய இடத்தில் "சொரி" என்று சொன்னேன். ஏன் சொரி சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

வேலை கிடைக்கவில்லை, அதற்கு வேறு காரணமும் இருக்கலாம், அதை விடுங்கள். அந்த "எஸ்டேட்" என்ற சொல்லை யாராவது எனக்கு விளக்கமாகச் சொல்லியிருந்தால் அன்றைக்கு நான் அப்படி உறைந்திருக்க மாட்டேன்.


கொட்டகலை வாத்தியார் | திங்கள், காலை 9.05

மகள், அது உன் பிழை இல்லை. இங்கிலாந்தில் "எஸ்டேட்" என்றால் முதலில் நினைவுக்கு வருவது பெரிய பண்ணை நிலம், மாளிகை, பரம்பரைச் சொத்து. "லேண்டட் எஸ்டேட்", "கன்ட்ரி எஸ்டேட்" என்று சேர்த்துச் சொல்வார்கள், அதை வைத்திருப்பவர்கள் "லேண்டட் ஜென்ட்ரி". ஆனால் அதே நாட்டில் "கவுன்சில் எஸ்டேட்" என்றால் உள்ளூராட்சி சபை கட்டிக் கொடுத்த வாடகை வீடுகள், பெரும்பாலும் உழைக்கும் ஆட்கள் வாழ்வது. ஒரே சொல், முன்னால் என்ன நிற்கிறது என்பதில்தான் மலை உச்சியும் பள்ளமும். இலங்கை ஆங்கிலத்தில் "எஸ்டேட்" என்றால் தோட்டம் என்று நமக்கு விளங்கும், கொழும்புக்காரருக்கும் விளங்கும். லண்டனில் இருக்கிறவருக்கு விளங்காது.

இனிமேல் யாராவது கேட்டால் இப்படிச் சொல்லு: "ஐ க்ரூ அப் ஆன் அ டீ எஸ்டேட், மை பேரன்ட்ஸ் வர்க் தேர்." "இன்" வேண்டாம், "ஆன்" என்பதே வழக்கம். "வர்க் தேர்" என்ற இரண்டு சொல்லில் சொந்தமா வேலையா என்ற சந்தேகம் தீர்ந்துவிடும். லயம் பற்றிச் சொல்ல வேண்டி வந்தால் "லைன் ரூம்ஸ்" என்பதோடு "வர்க்கர்ஸ் ஹவுசிங்" என்று சேர்த்துக்கொள். "சொரி" எதற்கும் வேண்டாம்.


டிக்கோயா ராஜா | திங்கள், பிற்பகல் 1.30

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். நான் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறவன், பத்தாம் வகுப்போடு நின்றவன், ஆங்கிலம் எல்லாம் வெள்ளைக்காரர்களோடு பேசிப் பேசிப் பிடித்தது. ஆகவே பிழை இருந்தால் திருத்துங்கள்.

"லுக் டவுன் ஆன்", அதாவது ஒருவரைத் தாழ்வாகப் பார்ப்பது, என்ற சொற்சேர்க்கையை எனக்கு யாரும் விளக்கவே தேவைப்படவில்லை. எங்கள் தோட்டத்தைப் பார்த்தாலே போதும். உச்சியில் துரை பங்களா, அதற்குக் கீழே சின்னதுரை பங்களா, இடையில் கிளாக்கர் ஐயா, டீமேக்கர் ஐயா குவாட்டர்ஸ், எல்லாவற்றுக்கும் கீழே பள்ளத்தில், ஆற்றோரமாக, லயம். மேலே இருந்து பார்த்தால் எங்கள் தகரக் கூரை தெரியும், யார் வீட்டில் அடுப்பு புகைகிறது என்பதும் தெரியும். நாங்கள் பார்த்தால் பங்களாவின் சைப்பிரஸ் வேலிதான் தெரியும். தாத்தா இருந்தவரை துரை வண்டிச் சத்தம் கேட்டால் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் இறங்கி நிற்பார். "நோ யுவர் பிளேஸ்" என்று ஆங்கிலத்தில் சொல்வார்களே, உன் இடம் எது என்று தெரிந்து நட என்று, அதை முதல் தடவை ஒரு விருந்தாளி வாயால் கேட்டபோது எனக்கு அந்தக் காட்சிதான் வந்தது.

அதனால் பிள்ளைகளுக்கு இந்த ஏறு இறங்கு சொற்களை எல்லாம் மலையைக் காட்டிச் சொல்லிக் கொடுங்கள் டீச்சர். "லுக் அப் டு" என்றால் மதிப்போடு அண்ணாந்து பார்ப்பது. "டு" விட்டுப்போனால் அகராதியில் சொல் தேடுவதாகிவிடும், அதை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்.


பதுளை கண்ணன் | திங்கள், இரவு 7.44

எல்லோரும் மனதைத் தொடும்படி எழுதுகிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் நான் டியூஷன் கொடுக்கிறவன், சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். பிள்ளைக்குப் பரீட்சைக்கு இருக்கிற நேரம் கொஞ்சம். பட்டியலைப் பாடமாக்கினால் கட்டுரையில் நாலு நல்ல சொற்சேர்க்கை விழும், புள்ளி வரும், புள்ளி வந்தால் அந்தப் பிள்ளை லயத்தை விட்டு வெளியே வரும். ஒவ்வொரு சொல்லுக்கும் அது யாரைப் புண்படுத்தும் என்று யோசித்துக்கொண்டிருந்தால் பிள்ளை பேனாவையே எடுக்காது. எங்கள் பிள்ளைகளுக்கு முதலில் தேவை தைரியம்.

"ஃப்ரம் ஓல் வோக்ஸ் ஆஃப் லைஃப்" (எல்லாத் தரப்பிலிருந்தும்), "பில்லர் ஆஃப் த கம்யூனிட்டி" (ஊருக்குத் தூண் போன்றவர்), "போர்ன் வித் அ சில்வர் ஸ்பூன்" (பணக்கார வீட்டில் பிறந்தவர்), "ரெக்ஸ் டு ரிச்சஸ்" (ஏழையாக இருந்து பணக்காரர் ஆவது), "கீப் அப் வித் த ஜோன்சஸ்" (பக்கத்து வீட்டுக்கு ஈடாக வாழப் பார்ப்பது). இவற்றைப் பாடமாக்கச் சொல்லுங்கள். போதும்.


ஊவா அக்கா | திங்கள், இரவு 9.20

கண்ணன் தம்பி, தைரியம் வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் தன் அப்பாவை "லோ கிளாஸ்" என்று எழுதுகிற பிள்ளைக்குக் குறைந்திருப்பது பேனா பிடிக்கும் தைரியம் இல்லையே, சரியான சொல்தானே. அதைக் கையில் கொடுத்தால் தைரியமும் கூடவே வரும்.

நான் மொழிபெயர்ப்பாளர். பெரும்பாலும் தொண்டு நிறுவன அறிக்கைகள், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் மறுபக்கமும். எங்கள் மக்களைப் பற்றி அந்தத் தாள்களில் வருகிற சொற்களை 15 வருடமாகக் கையாளுகிறேன். முன்னால் "பேக்வர்ட் கம்யூனிட்டி" என்று எழுதுவார்கள். பின்தங்கிய சமூகம். அதாவது எல்லோரும் நடந்தார்கள், இவர்கள் மட்டும் பின்னால் நின்றுவிட்டார்கள். யார் நிறுத்தினார்கள் என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள் இல்லை. இப்போது "மார்ஜினலைஸ்ட் கம்யூனிட்டி" என்று எழுதுகிறோம், ஒதுக்கப்பட்ட சமூகம். "பட்ட" என்று வந்தாலே ஒதுக்கியவர் ஒருவர் இருக்கிறார் என்று ஆகிவிடுகிறது. "டிப்ரைவ்ட்", "சோஷலி எக்ஸ்குளூடட்" எல்லாமே அந்த மாதிரிதான், செயப்பாட்டு வினையிலிருந்து வந்தவை.

எங்கள் விஷயத்தில் இது வெறும் இலக்கணம் இல்லை. 1948-ல் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது, தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர் ஆனார்கள். ஆங்கிலத்தில் இதற்கு "ரெண்டர்ட் ஸ்டேட்லெஸ்" என்பதுதான் வழக்கமான சேர்க்கை. நாடற்றவர்களாக இருந்தார்கள் என்று சொல்வதில்லை, ஆக்கப்பட்டார்கள். 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 300,000 பேருக்கு இங்கே குடியுரிமை, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். எஞ்சியிருந்தவர்களுக்கு 2003-ல்தான் சட்டம் கொண்டு வந்து முடித்தார்கள். "கிரான்ட் சிட்டிசன்ஷிப்" (குடியுரிமை கொடுப்பது), "டினை சிட்டிசன்ஷிப்" (மறுப்பது) என்று இந்த இரண்டு வினைகளையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள், எங்கள் தாத்தா பாட்டிகளின் வாழ்க்கை அந்த இரண்டு வினைக்குள்தான் கிடந்தது.

"செகண்ட் கிளாஸ் சிட்டிசன்" என்ற சேர்க்கையும் வேண்டும். பதுளை ரயிலில் செகண்ட் கிளாஸ் என்றால் காசு கொஞ்சம் கூடக் கொடுத்து வசதியாகப் போகும் பெட்டி. குடிமகனுக்கு முன்னால் வந்தால் உரிமை குறைந்தவன். "ட்ரீட்டட் அஸ்" என்ற வினையோடு சேர்த்துப் படிப்பியுங்கள், அப்போதுதான் நடத்தினவன் மேல் பழி போகும், நடத்தப்பட்டவன் மேல் போகாது.


பதுளை கண்ணன் | திங்கள், இரவு 10.02

அக்கா, அந்த "பட்ட" விளக்கம் நன்றாக இருக்கிறது, இதை நான் யோசித்ததில்லை. வகுப்பில் சொல்வேன். ஆனாலும் ஒன்று. எப்போதும் ஒதுக்கப்பட்டோம், பறிக்கப்பட்டோம் என்றே ஒரு பிள்ளை தன்னை எழுதிக்கொண்டிருந்தால் அதுவும் ஒரு கூண்டுதான். நான் என்ன செய்தேன் என்று சொல்லவும் சொல் வேண்டும்.


கொட்டகலை வாத்தியார் | செவ்வாய், காலை 8.30

கண்ணன் கேட்பது நியாயமான கேள்வி, டீச்சரின் இரண்டாவது கொப்பிக்கும் அதுதான் பதில்.

"சோஷல் கிளைம்பர்" புகழ்ச்சி இல்லை. பெரிய மனிதர்களோடு ஒட்டிக்கொண்டு, பழைய நண்பர்களைக் கைவிட்டு, எப்படியாவது மேலே போகத் துடிக்கிறவனைச் சொல்வது. "கிளைம்ப் த சோஷல் லேடர்" என்பதிலும் அந்த வாடை கொஞ்சம் உண்டு. அந்தப் பையனின் மாமாவுக்குச் சரியான சொல் "ஹி வர்க்ட் ஹிஸ் வே அப்". உழைத்து, ஒவ்வொரு படியாக. "ஃப்ரம் ஃபீல்ட் வர்க்கர் டு ஃபீல்ட் ஒஃபிசர்" என்று பின்னால் போட்டால் மாமாவின் உழைப்பு முழுவதும் ஒரு வரியில் வந்துவிடும். "அப்வர்ட் மொபிலிட்டி" என்பது ஒரு குடும்பமோ தலைமுறையோ மேலே நகர்வதைக் கட்டுரையில் எழுதும் சொல், பேச்சில் அவ்வளவாக வராது.

"மேக் அ நேம் ஃபோர் ஒன்செல்ஃப்", பேர் எடுப்பது, என்பதை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நான் எப்போதும் கொஞ்சம் நின்றுதான் சொல்வேன். தோட்டத்தில் "பேர்" என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். காலையில் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய் வேலைக்கு நின்றால் பேர், ஒரு நாள் சம்பளம். கிலோ குறைந்தால் அரைப்பேர். 2021-ல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்று ஆன பிறகும், கொழுந்து நிறை போதவில்லை என்று அரைப்பேர் விழுந்த கதையை எத்தனை அம்மாமார் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு நாள் உழைப்பையே பேர் என்று சொல்கிற ஊரில், பேர் எடுப்பது, பேர் வாங்குவது என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு விளக்கம் தேவையில்லை, ஆங்கிலத்தில் அதற்கு வினை "மேக்"தான், "கெட்" இல்லை என்பதை மட்டும் சொன்னால் போதும்.

பட்டியலில் இருக்கிற மற்ற சொற்கள் பற்றியும் கொஞ்சம். "ஜோன்சஸ்" என்பது 1913-ல் ஒரு நியூயோர்க் பத்திரிகையில் தொடங்கிய சித்திரத் தொடரால் பரவியது. பக்கத்து வீட்டு ஜோன்ஸ் குடும்பத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் தவிக்கிற ஒரு குடும்பத்தின் கதை. தீபாவளி முற்பணத்தைப் பக்கத்துக் காம்பரா டீவியைப் பார்த்துச் செலவு செய்தால் அதுதான் "கீப்பிங் அப்". "நூவோ ரீஷ்" பிரெஞ்சுச் சொல், புதுப் பணக்காரர் என்று அர்த்தம், அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்று நாம் சொல்கிற அதே முகச்சுளிப்பு அதில் இருக்கிறது, ஆகவே கவனம். "லூஸ் ஃபேஸ்" (மானம் போவது) சீனத்திலிருந்து வந்தது, "சேவ் ஃபேஸ்" (மானத்தைக் காப்பாற்றுவது) அதைப் பார்த்து ஆங்கிலத்தில் உண்டானது, நம் "முகத்தில் கரி பூசுவது" தெரிந்தவருக்கு உடனே விளங்கும்.


டிக்கோயா ராஜா | செவ்வாய், பிற்பகல் 3.10

ஐயா, ஒரு சந்தேகம். ஹோட்டல் பயிற்சியில் மேசையில் வைக்கிற துணியை "சர்வியட்" என்று சொல்லப் பழக்கினார்கள். ஓர் ஆங்கிலேய அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தம்பி, "நெப்கின்" என்று சொல்லுங்கள், அதுதான் மரியாதை என்றார். அன்பாகத்தான் சொன்னார். இதற்கும் அந்தஸ்துக்கும் தொடர்பு உண்டா?


கொட்டகலை வாத்தியார் | செவ்வாய், இரவு 8.48

இருக்கிறது ராஜா. 1954-ல் அலன் ரோஸ் என்ற பர்மிங்ஹாம் பல்கலைக்கழக மொழியியல் பேராசிரியர் இதையே ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். மேல்தட்டு ஆங்கிலேயர் "நெப்கின்" என்பார்கள், அவர்களைப் போல் ஆகப் பார்க்கும் நடுத்தரத்தார் "சர்வியட்" என்பார்கள் என்று சொற்களை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். அந்த அம்மா அந்தக் கணக்கைச் சிறுவயதிலேயே காதில் வாங்கியவராக இருந்திருப்பார். நீங்கள் சொன்னதில் பிழை எதுவும் இல்லை, இலங்கையில் எல்லோரும் சர்வியட் என்றுதான் சொல்கிறோம்.

நான் இதை எழுதுவதற்குக் காரணம், ஒரு துணித்துண்டின் பெயரை வைத்துக்கூட மனிதரைத் தட்டுத் தட்டாகப் பிரித்த சமூகத்தின் மொழி இது. அதில் "கிளாஸ்" பற்றிய சொற்களைப் பிள்ளைகளிடம் கொடுக்கும்போது, கத்தியைக் கொடுக்கிற மாதிரி பிடியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அந்தக் காரணத்தால் இன்னும் ஒரு சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "சோஷல் பரையா" என்று ஆங்கிலப் பத்திரிகைகளில் சர்வசாதாரணமாக வரும், எல்லோராலும் வெறுத்து ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில். நாடுகளைக்கூட "பரையா ஸ்டேட்" என்பார்கள். அது நம் தமிழிலிருந்து போன சொல். பறை என்ற வாத்தியத்தின் பெயரோடு சேர்ந்த ஒரு சமூகத்தின் பெயர், 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்குள் நுழைந்துவிட்டது. எங்கள் தோட்டங்களில் கோயில் திருவிழாவுக்கும் சாவு வீட்டுக்கும் தப்பு அடிக்கிற கைகள் யாருடையவை என்று நமக்குத் தெரியும். அந்த வகுப்பில் அவர்கள் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். ஆங்கிலேயன் நினைக்காமல் எழுதலாம், நம் பிள்ளை எழுதக்கூடாது. "சோஷல் அவுட்காஸ்ட்" என்று எழுதச் சொல்லுங்கள். வெளியே தள்ளப்பட்டவன் என்ற பழைய ஆங்கிலச் சொல் அது, சாதியைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லோடு அதற்கு உறவு இல்லை. ஆனால் கடைசியில் ஓர் "ஈ" சேர்த்து எழுதினால் சாதி வந்துவிடும், எழுத்துக்கூட்டலில் கவனம்.


ஊவா அக்கா | செவ்வாய், இரவு 9.30

சேர், இதைச் சொன்னதற்கு நன்றி. பல ஆண்களுக்கு இது பாடத்திட்டத்தில் இல்லாத விஷயமாகவே போய்விடுகிறது.

"கூலி"யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழில் கூலி என்றால் உழைப்புக்கான காசு, கூலி உயர்வு வேண்டும் என்று நெஞ்சை நிமிர்த்திக் கேட்கிறோம். அதே ஒலி ஆங்கிலத்தில் மனிதனின் பெயர் ஆகி, இழிசொல்லாகவும் ஆகிவிட்டது. பிள்ளைகள் தமிழை நினைத்துக்கொண்டு "மை மதர் இஸ் அ கூலி" என்று எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன். "டீ பிளக்கர்", "பிளான்டேஷன் வர்க்கர்" என்று எழுதட்டும். தொழிலின் பெயர், சம்பளம், செய்த வேலை. இவற்றைச் சொல்கிற சொற்கள் மனிதனின் மதிப்பைத் தொடுவதில்லை. "லோ இன்கம்" என்றால் வருமானம்தான் குறைவு.


மஸ்கெலியா சின்னவள் | புதன், காலை 5.55

அக்கா, சேர், எனக்கு "ஹம்பிள் பேக்ரவுண்ட்" பற்றி ஒரு கேள்வி. எல்லோரும் சொல்கிறார்கள், கேட்க அழகாகவும் இருக்கிறது. ஆனால் அம்மாவை நினைத்துக்கொண்டு அதை எழுதும்போது ஏதோ உறுத்துகிறது. "ஹம்பிள்" என்றால் பணிவு என்று படித்தோம். அம்மா பணிந்து போகிறவர் இல்லை. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நிறையில் இரண்டு கிலோ வெட்டினால் அங்கேயே நின்று கேட்கிறவர்.


ஊவா அக்கா | புதன், காலை 7.40

தங்கச்சி, உனக்கு உறுத்துவது சரியான இடத்தில்தான். மனிதரோடு வந்தால் "ஹம்பிள்" பணிவு, பின்னணியோடு வந்தால் எளிமை. சரி, அகராதி அவ்வளவுதான் சொல்லும். நான் மொழிபெயர்த்துப் பழகியதில் கவனித்தது என்னவென்றால், "ஹம்பிள் பேக்ரவுண்ட்", "ஹம்பிள் பிகினிங்ஸ்" எல்லாம் மேலே வந்து சேர்ந்தவர் திரும்பிப் பார்த்துச் சொல்கிற சொற்கள். அமைச்சர் சொல்வார், முதலாளி சொல்வார். இன்னும் அந்த லயத்திலேயே இருந்துகொண்டு, நாளைக்கும் மலைக்குப் போகப் போகிற ஒருவர் தன்னைப் பற்றி அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. உனக்கு அது பொருந்தும் நாள் வரலாம். உன் அம்மாவுக்கு வேண்டாம்.


பதுளை கண்ணன் | புதன், காலை 8.15

சின்னவள் தங்கச்சி, உங்கள் அம்மாவுக்கு "கமாண்ட்ஸ் ரெஸ்பெக்ட்". கட்டளையிட்டு வாங்குவது இல்லை, அவர் நின்றாலே மரியாதை தானாக வருகிறது என்று அர்த்தம். "டிமாண்ட்ஸ் ரெஸ்பெக்ட்" என்றால்தான் கேட்டு வாங்குவது. இந்த இரண்டையும் நான் ஒரே அர்த்தம் என்று போன வருடம் வரை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இந்த இழையை வாசித்த பிறகு என் தாளையும் திருத்துகிறேன்.

டீச்சர், "ஸ்டேண்டிங்" என்ற சொல்லையும் போடுங்கள். "அ மேன் ஆஃப் குட் ஸ்டேண்டிங்" ஊரில் நல்ல மதிப்புள்ளவர். "அ மெம்பர் இன் குட் ஸ்டேண்டிங்" வேறு, சந்தா ஒழுங்காகக் கட்டி உரிமையோடு இருக்கும் அங்கத்தவர். சங்கத்துக்கு மாதாமாதம் சந்தா வெட்டுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு அது உடனே பிடிபடும்.


பண்டாரவளை டீச்சர் | அடுத்த ஞாயிறு, இரவு 9.10

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. வியாழக்கிழமை இரண்டு பாடவேளை எடுத்தேன். பழைய தாளைத் திருப்பி வாங்கவில்லை. அதையே கொண்டு வரச் சொல்லி, ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் "இதை யார் சொல்வார்? யாரைப் பற்றி? அவர் முன்னால் சொல்வாரா?" என்று எழுத வைத்தேன். ராஜா அண்ணா சொன்ன மாதிரி கரும்பலகையில் மலையை வரைந்து பங்களாவையும் லயத்தையும் போட்டேன், அது வரைக்கும் வாயே திறக்காத பின்வரிசைப் பையன்கள் எழுந்து வந்து தங்கள் தோட்டத்தில் டிஸ்பென்சரி எங்கே, கோயில் எங்கே என்று வரையத் தொடங்கிவிட்டார்கள். கோயில் எல்லாத் தோட்டத்திலும் லயத்துக்கு மேலேதான் இருக்கிறது, டீச்சர் அதுக்கு என்ன கிளாஸ் என்று ஒருவன் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை, அதையும் சொன்னேன்.

அந்தப் பிள்ளையை மட்டும் வகுப்பில் எழுப்பவில்லை. கட்டுரையைத் திரும்ப எழுதச் சொல்லிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை கொண்டு வந்து மேசையில் வைத்தது. முதல் வரி: "மை ஃபாதர் இஸ் அ டீ எஸ்டேட் வர்க்கர். ஹி இஸ் ஹைலி ரெஸ்பெக்டட் இன் அவர் டிவிஷன்." அதற்குப் பிறகு அரைப் பக்கம், 2014-ல் மீரியபெத்தயில் மண் சரிந்தபோது அவர் போய் மண் அள்ளியது பற்றி. முதல் தடவை எழுதிய கட்டுரையில் அந்தச் சம்பவம் இல்லவே இல்லை.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். அந்த அப்பா இப்போது தோட்டத்துச் சங்கத் தலைவர். பிள்ளை "ஹி இஸ் த தலைவர்" என்று எழுதியிருக்கிறது. "லீடர்" என்று திருத்தவா?


கொட்டகலை வாத்தியார் | ஞாயிறு, இரவு 10.40

"யூனியன் லீடர் ஆன் அவர் எஸ்டேட்" என்று முதல் தடவை எழுதட்டும், அப்போதுதான் வாசிக்கிறவருக்கு என்ன பொறுப்பு என்று விளங்கும். அடுத்த வரியில் "எவ்ரிவன் கோல்ஸ் ஹிம் தலைவர்" என்று தமிழ்ச் சொல்லை அப்படியே விடச் சொல்லுங்கள், புள்ளி குறையாது. புதுத் தாள் தயாரானதும் இங்கே போடுங்கள் டீச்சர், எனக்குத் தெரிந்த நாலு பாடசாலைக்கு நான் அனுப்புகிறேன்.